கல்வராயன் மலையடிக் கடை: ஒரு தெளிந்த ஆய்வு

இங்கிலாந்தில் ஒரு பழைய மதுக்கூடத்தின் வரலாற்றை எழுதுவது பெரிய வேலை அல்ல. வாசலில் சிங்கமோ அன்னமோ வரைந்த பலகை தொங்கும். பக்கத்திலேயே கடை பிறந்த ஆண்டும் இருக்கும். மது விற்பவர் அடையாளப் பலகை வைத்தாக வேண்டும் என்று 1393இலேயே இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில் அங்கே சட்டம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் அதே ஆய்வைத் தொடங்குபவருக்குக் கிடைப்பது ஒரு பச்சைப் பலகை, அதில் ஓர் எண். நிறுவியவர் பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது. உள்ளே வாங்கும் சீசாவிலோ, மது கேடு என்று அச்சிட்டிருக்கும். தன் சரக்கைத் தானே பழித்து விற்கும் கடை, சிகரெட்டை விட்டால், வணிக வரலாற்றில் அரிது.

ஆனால் அடையாளம் வைக்கும் விஷயத்தில் நாம்தான் மூத்தவர்கள். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற மனைகளின் வாசலில் கொடி பறந்திருக்கிறது. ரிச்சர்டு பிறக்க அப்போது ஆயிரம் ஆண்டுக்கு மேல் பாக்கி. எந்த ஆய்வாக இருந்தாலும் இப்படி ஒரு தகவலை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நம் மரபு; சொல்லியாயிற்று.

வட்டாரச் சான்றுக்கு வருவோம். இப்போதைய கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் திருக்கோவிலூர்தான் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர். அவனைப் பற்றிக் கபிலர் புறநானூற்றில் சொல்லும் சாட்சியம் நம் துறைக்கு முக்கியமானது. விடிந்ததும் கள்ளைக் குடித்துவிட்டு, அந்த மகிழ்ச்சியில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிதாம். மலையன் குடிக்காமலே கொடுத்த தேர்கள், முள்ளூர் மலைமேல் விழுந்த மழைத்துளிகளைவிட அதிகமாம். தமிழாசிரியர்கள் இதில் வள்ளன்மையைக் காண்பார்கள். நாம் காண்பது வேறு. காலையிலேயே சரக்கு கிடைத்திருக்கிறது. அதாவது, நண்பகல் 12 மணிக்குத்தான் கடை திறக்க வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு ஏற்பாடு சங்க காலத்தில் இல்லை. போதையில் கொடுத்த தேரை மறுநாள் திரும்பக் கேட்ட மன்னன் பற்றியும் பாட்டு இல்லை. பின்னாளில் இந்தக் காரியின் கோவலூரை வென்றவன், ஔவையோடு கள்ளைப் பகிர்ந்து குடித்த அதியமான். இதை வைத்து யாரும் மதுவிலக்குக்கு எதிராக வாதாட வேண்டாம். போரில் வெல்ல வேறு காரணங்களும் உண்டு.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மதுச்சாலைக்குப் பல அறைகள் கேட்கிறது. தனித்தனிப் படுக்கை, ஆசனம், வாசனைப் பொருள், பூமாலை, தண்ணீர் எல்லாம் வேண்டும் என்கிறது. கூடவே, எவன் வழக்கத்துக்கு மேல் செலவழிக்கிறான் என்று பார்க்க ஒற்றர்களும் வேண்டுமாம். இன்றைய கம்பி வலை ஜன்னலையும், அதற்குள் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் நுழைவதையும் கௌடில்யர் பார்த்திருந்தால், ஒற்றருக்கான செலவையாவது மிச்சம் பிடித்திருப்பார்.

ஆவணம் என்று சொல்லத்தக்கது வெள்ளைக்காரன் காலத்தில்தான் குவிகிறது. 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தபின் கள் இறக்கும் மரத்துக்கு வரி, விற்கும் கடைக்கு ஏலம். பனைமரத்துக்கு எண், கடைக்கு எண், ஏலம் எடுத்தவர் பெயர், கட்டிய தொகை எல்லாம் பதிவேட்டில் ஏறின. குடித்தவர் பெயரை மட்டும் எழுதுவதற்குக் கட்டம் போடவில்லை. இந்த ஆய்வு கண்டறிந்தது இவ்வளவுதான்: நம் ஊர்க் கடையின் வரலாறு என்பது யார் வசூலித்தார்கள் என்பதன் வரலாறு. மற்றதெல்லாம் விரிவுரை.

அந்த விரிவுரையில் சுவையான பகுதி ஒன்று உண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். மதுவிலக்குக்கென்றே வந்த பத்திரிகை, உதவிக்குக் கல்கி. அவரே 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், அக்டோபர் 1ஆம் தேதி, தன் சொந்தச் சேலம் மாவட்டத்தில் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடார்க்காடு மாவட்டங்கள் சேர்ந்தன. தென்னார்க்காடு சேரவில்லை. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டில் ஒரு தாலுகா.

இப்போது வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கல்வராயன் மலையின் மேற்கு அடிவாரம் சேலம் மாவட்டம். கிழக்கு அடிவாரம் தென்னார்க்காடு. போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைக்கும்வரை மலை ஒன்று, சட்டம் இரண்டு. தாகத்தோடு மேற்கே இறங்கினால் குற்றவாளி, கிழக்கே இறங்கினால் வாடிக்கையாளர். மலையேற்றம் உடம்புக்கு நல்லது என்ற கருத்து இந்த வட்டாரத்தில் எப்போது பரவியது என்பதைத் தனியே ஆராயலாம். கிழக்குச் சரிவின் சலுகை நெடுநாள் நிலைக்கவில்லை. திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரார், அதாவது நம் தென்னார்க்காட்டுக்காரரே, மாகாணப் பிரதமராக இருந்து 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்கக் கடையை மூடினார். ஆக, மலையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பூட்டைத் தந்திருக்கிறது.

பூட்டினால் வருமானம் போகுமே? ராஜாஜி அதற்கும் வழி வைத்திருந்தார்: 1939ஆம் ஆண்டு பொது விற்பனை வரிச் சட்டம். நீங்கள் சோப்புக்கும் செருப்புக்கும் கட்டும் வரி அன்று மூடிய கள்ளுக்கடையின் பேரன். தாத்தா 1971இல் திரும்பி வந்தார், 1974க்குள் போனார், 1981இல் மறுபடி வந்தார். 1987இல் கள்ளும் சாராயமும் வெளியேற, சீசா மட்டும் தங்கியது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் எடுத்துக்கொண்டது. தாத்தா வந்துவிட்டாரே என்று பேரன் வீட்டை விட்டுப் போகவில்லை. இப்போது இருவரும் சம்பாதிக்கிறார்கள். 2023-24இல் தாத்தா ஈட்டியது மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

2017இல் கடைக்குக் கால் முளைத்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, தமிழகத்தில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. அவற்றை ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் கொண்டுபோகப் பார்த்தபோது பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். கல்வெட்டு இல்லாத நம் துறைக்கு அந்த மறியல் செய்திகள் நல்ல ஆவணம். எந்த ஊரில் எந்தத் தெருவில் கடை வர இருந்தது என்று தேதியோடு சொல்பவை அவைதான்.

மலைமேல் நிலைமை வேறு. மலையின் குடிவரலாற்றுக்கு இடைவிடாத ஆவணம் நாளிதழின் மாவட்டப் பக்கம்தான். அதன் நடை சோழர் மெய்க்கீர்த்தியைவிட ஒழுங்கானது. முதலில் ஓடையின் பெயர், பிறகு பிளாஸ்டிக் பேரல்களின் எண்ணிக்கை, ஊறல் இத்தனை லிட்டர், கீழே கொட்டி அழிப்பு, கடைசியில் பகைவர் தப்பியோட்டம். வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்ட ஊறல் அடுத்த வாரமே வேறோர் ஓடையில் மறுபடி அழியும்.

இந்த இடத்தில் ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் சாராயம் குடித்த 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள்; பெண்களும் உண்டு. கொன்றது மலை ஊறல் அல்ல, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால். அரசுக் கடைக் குவார்ட்டரைவிடப் பாக்கெட் மலிவு என்பதுதான் அதை வாங்கக் காரணம். நூறு ஆண்டுக்கு மேல் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத குடித்தவர்களின் பெயர்கள், அந்த வாரம் மருத்துவமனைப் பட்டியலிலும் பிணக்கூறாய்வு அறிக்கையிலும் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகுதான் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலையின் சாலையையும் அடிப்படை வசதிகளையும் பற்றிக் கேட்டதும் அதற்குப் பிறகுதான்.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் உங்கள் தாத்தாவோ பாட்டனாரோ கள்ளுக்கடை ஏலம் எடுத்தவராக இருந்தால், பரணில் ஏலச்சீட்டு இருக்கக்கூடும். அது அரசிடமும் இருக்கும், போனால் போகட்டும். கடன் எழுதி வைத்த நோட்டு ஒன்றும் கூடவே கிடந்தால், அதைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யார், என்றைக்கு, எவ்வளவு குடித்தார் என்பது அதில் மட்டும்தான் இருக்கும்.