கோளாறுக்கும் ஒரு பெயர்

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்த மடக்குக் கத்தியில் ஸ்பிரிங் இல்லை, பட்டன் இல்லை. மரப்பிடி, அலகு, ஓர் உலோகப் பட்டை, ஓர் ஆணி, அவ்வளவுதான். விரல் தப்பிக்க வளையப் பூட்டு வந்ததே 1955-இல். அதுவரை விரல்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன.

ஈரம் பட்டால் மரம் ஊதி, அலகு வெளியே வர அடம்பிடிக்கும். உடனே பிடியின் அடிப்பாகத்தை மேசையில் 'டொக்'கென்று தட்டினால் மூக்கை நீட்டும். வேறொரு கம்பெனி என்றால் இதைக் கோளாறு என்று திருப்பிக் கொடுத்திருப்போம். இதற்கோ 'சவோயார்டுத் தட்டு' என்று பட்டமே உண்டு! எலுமிச்சை நறுக்கினால் கார்பன் எஃகு அலகு கறுத்துப்போகும். அதைக் கறை என்று சொல்லிவிடாதீர்கள். டைட்டானியக் கத்தியை வெல்வெட் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு இதில் ஆப்பிள் சீவுகிற ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.