'ஜி'யில் குல்பர்கா செல்லுமா?

கேள்வி: 'நேம், ப்ளேஸ், அனிமல், திங்' ஆட்டத்தில் 'ஜி'க்கு என் மாமனார் குல்பர்கா என்று எழுதினார். "அப்படி ஊரே இல்லை தாத்தா" என்கிறாள் மகள். பத்து மார்க் போடலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சட்டம் பேத்தி பக்கம். 2014 நவம்பர் 1 அன்று கர்நாடகம் 12 ஊர்களின் பெயரை மாற்றியபோது குல்பர்கா, கலபுரகியாகி 'கே'வுக்குக் குடிபோனது; பிஜாப்பூர், விஜயபுராவாகி 'வி'க்கு. பெங்களூரோ பெங்களூருவாகியும் 'பி'யிலேயே தப்பித்தது. ஆனால் கலபுரகியில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் இன்னும் குல்பர்கா பல்கலைக்கழகம்தான். தாத்தா அதைப் பிடித்துக்கொண்டால் நடுவர் பாடு திண்டாட்டம்! ஐந்து மார்க் போட்டுச் சமாதானமாகப் போங்கள். அதுசரி, உங்கள் பேட்டையே தமிழருக்கு அல்சூர், ஆங்கிலத்தில் உல்சூர், கன்னடத்தில் ஹலசூரு. அடுத்த ஆட்டத்தில் 'ஏ', 'யூ', 'ஹெச்' மூன்றுக்கும் அதையே எழுதிப் பாருங்களேன்!