கறளும் கத்தியும்: மூன்று ஏக்கர் காணிக்குப் பழைய புல்வெட்டி தேர்தல் குறித்த ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் வெட்டுத் தொழிலின் ஆதிபுருஷன் இராவணன் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. தாய்க்காகக் கோணமலையைப் பெயர்க்க முயன்று வாளால் பாறையைப் பிளந்தான் என்பது ஐதீகம். அந்த வெட்டைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் எட்டிப் பார்க்கிறார்கள். பாறையோடு அவன் நின்றுவிட்டான். புல் வெட்டும் பொறுப்பு அவனுடைய பத்துத் தலைகளில் எதன் மேலும் விழுந்ததாகத் தெரியவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே ஆய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம் நிலாவெளிப் பக்கத்தில் ஒரு தென்னங்காணி என்று கொள்வோம். பரப்பு மூன்று ஏக்கர், அதாவது 480 பேர்ச். காணிக்காரர் ஊரில், அவருடைய அண்ணன் கனடாவில். "இஞ்ச நாங்கள் இருந்துகொண்டே புல்லு வெட்டுறம். நீயும் பழசாய் ஒண்டு பாத்து வாங்கன்" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்ன கணத்தில் ஆய்வுப் பிரச்சினை பிறக்கிறது.

முன்னோர் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊர்க்காரரான எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேலிழையைச் சீவும் ஆலைப்பொறியைப் பார்த்து, அதே வேலையைப் புல்லுக்கும் செய்யலாமே என்று 1830இல் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளுவது. 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெற்றோலில் ஓடுவதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறி உட்காரும் ஆசை அதன்பின் மெல்ல முதிர்ந்தது.

கணக்கு அண்ணன் பக்கம்தான் சாய்கிறது. 42 அங்குல வெட்டுத்தட்டு உள்ள மெஷின் மணிக்கு நாலு மைல் ஓடினால், ஒரு மணித்தியாலத்தில் 73,920 சதுர அடி, அதாவது 1.7 ஏக்கர் வெட்டும். திரும்புவதற்கும் வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், மூன்று ஏக்கர் இரண்டேகால் மணித்தியாலத்தில் முடிய வேண்டும். ஆனால் 26 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 64 தென்னை. மூன்று ஏக்கரில் நூற்றித் தொண்ணூறு மரங்கள். ஒவ்வொன்றையும் வலம் வந்தாக வேண்டும். இத்தனை பிரதட்சணத்தைக் கோயிலில் செய்தால் புண்ணியமாவது மிஞ்சும்.

தரையையும் மறந்துவிடக் கூடாது. வெட்டுத்தட்டுக்குள் சுழலும் கத்தியின் நுனி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக்கூடியது. அதன் வழியில் குரும்பட்டி, காய்ந்த மட்டை, புல்லுக்குள் ஒளிந்திருக்கும் வடலிக் கட்டை. குரும்பட்டி சிதறிப் போகும். கட்டை சிதறாது, கத்தியின் தண்டை வளைத்துவிடும்.

ஒப்பீட்டுக்காகப் பிரெடெரிக் கோட்டை மான்களை எடுத்துக்கொள்ளலாம். 1624இல் போர்த்துக்கீசர் எழுப்பி, ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய அந்தக் கோட்டையே மாவட்டத்தில் பெயர்பெற்ற பழைய சரக்கு. அதற்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன; அங்கிருந்து இறங்கி நகரத்துக்குள்ளும் வருகின்றன. சத்தம் இல்லை, பெல்ட் அறுவதில்லை, உரமும் இலவசம். குறை என்னவென்றால் அவை வரிசையாக வெட்டுவதில்லை. புல்லோடு பொலித்தீனையும் விழுங்கிச் செத்தும் போகின்றன. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கை வாங்கவோ விற்கவோ முடியாது என்பதால் இவ்வாய்வு அவற்றை வருத்தத்துடன் விலக்குகிறது. கட்டாக்காலி மாடுகளை விலக்கத் தேவையில்லை. அவை கேளாமலே வரும். புல்லை விட்டுவிட்டுத் தென்னம்பிள்ளையைக் கடிக்கும்.

இனி நாட்காட்டி. இந்தக் கரைக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. புல் எழும்புவதும் அப்போதுதான். மே தாண்டிக் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் புல் தானாகவே காய்ந்து தரையோடு ஒட்டிவிடும். ஆக மெஷினுக்கு வேலை ஐந்தாறு மாதம். உப்புக்காற்றுக்கு வேலை பன்னிரண்டு மாதமும். விற்பவர் இருக்கையைத் துடைத்து, மூடிக்குப் பச்சை வர்ணம் பூசி நிறுத்தியிருப்பார். வாங்குபவரும் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துச் சிரிப்பார். ஒரு மெஷினில் இதைவிடப் பயனற்ற பரிசோதனை வேறில்லை. குனிந்து வயிற்றைப் பார்க்க வேண்டும். ஈரப்புல் அரைபட்டு வெட்டுத்தட்டின் அடியில் களியாக ஒட்டியிருக்கும்; உப்பும் அதோடு சேர்ந்தால் தகடு உள்ளிருந்து கறள் பிடிக்கும். களியைச் சுரண்டிவிட்டு ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்ட வேண்டும். கணீரென்றால் தகடு. மண்பானைபோல மந்தமாகக் கேட்டால் அது வர்ணம் பூசிய கறள்.

வயிறு தேறினால் மற்றவை. ஸ்டார்ட் பண்ணுமுன் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; சூடாயிருந்தால் விற்பவர் ஒருமுறை எழுப்பி வைத்திருக்கிறார் என்று பொருள். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது, கரும்புகை வந்தால் பெற்றோல் மிகுதி. ஓடிய மணித்தியாலம் காட்டும் மீற்றரின் வயரை விற்பவர் கழற்றிவிட்டிருக்கலாம். மிதியின் ரப்பர் தேய்ந்ததை மறைப்பது கடினம். பிளக் வயரைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் பிடித்து ஆட்ட வேண்டும், ஆடினால் பெயாரிங் போய்விட்டது. கியர் இல்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் வகையை இருபது நிமிடமாவது ஓட்டிய பிறகே மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒயில் சூடேறும் வரை அதன் பலவீனம் வெளியே தெரியாது.

எரிபொருள் விடயத்தில் மாவட்டம் செல்வச் செழிப்பானது. சீனன்குடாவில் ஆங்கிலேயர் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் தொகுதியை நெடுங்காலம் காடு மூடிக் கிடந்தது. புல்வெட்டி மிகவும் தேவைப்பட்ட இடம் அதுதான். இருந்தும் 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கே வாரம் 4 லீற்றர் பெற்றோல். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கிய வரிசையில், இலக்கத் தகடே இல்லாத புல்வெட்டி எந்தக் கிழமை போய் நிற்பது?

முக்கியமான உண்மையொன்றை அண்ணன் சொல்லவில்லை. ஏறியோட்டும் மெஷின் குட்டையான புல்லைக் குட்டையாகவே வைத்திருக்கத்தான். மாரி முடிய ஆளுயரம் நிற்கும் கினிப்புல்லுக்குள் விட்டால் பெல்ட் புகையும். முதல் வெட்டுக்கு எப்படியும் தோளில் மெஷினை மாட்டிய ஆளைக் கூப்பிட வேண்டும். வந்தவர் வேலையை முடித்துவிட்டுத்தான் போவார். இரண்டாம் வெட்டுக்குக் கூப்பிட்டாலும் வருவார். மிஞ்சுகிற காசுக்குப் பழைய லேண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு மெஷின் ஒன்று பார்க்கலாம். உழும், தண்ணீர் இறைக்கும், தேங்காய் ஏற்றும். உதிரிப்பாகத்துக்குக் கந்தளாய்க்கு மேல் அலைய வேண்டியதில்லை. இருந்துகொண்டே போக வேண்டும் என்ற ஆசைக்கு அதன் பெட்டியில் தாராளமாக இடமுண்டு. அண்ணன் விடுமுறைக்கு வந்தால் குடும்பத்தோடு ஏறலாம்.