30 பையும் 30 கிலோவும்

ஆஸ்திரேலிய அரசாங்கம் எனக்கு மாதம் 30 பை தருகிறது. இலவசம். காய்கறி வாங்கும் பை அல்ல, வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் பை. நோய் முற்றிய பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே இழுத்துத் தைத்துவிட்டார்கள். அந்தச் சிவப்பு மொட்டுக்கு ஸ்டோமா என்று பெயர். என் மனைவி வைத்த பெயர் 'சின்னவர்'. சின்னவர் எப்போது குரல் கொடுப்பார் என்று சொல்ல முடியாது. மேஸ் ஹில் முருகன் கோயிலில் தீபாராதனைக்கு மணி நிற்கிற அந்த ஒரு நொடியில் மட்டும் கட்டாயம் கொடுப்பார்.

1975 முதல் இங்கே ஸ்டோமா அப்ளையன்ஸ் ஸ்கீம் என்று ஒரு திட்டம் நடக்கிறது. மெடிகேர் அட்டை வேண்டும், ஏதாவது ஒரு ஸ்டோமா சங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். பைக்குக் காசில்லை, தபால் செலவு நம்முடையது. சங்கங்களில் பெட்டி கட்டுகிறவர்களில் பலர் தன்னார்வலர்கள். அவர்களிலும் நிறையப் பேர் சட்டைக்குள் நம்மைப் போலவே ஒரு பையோடு நிற்பவர்கள். ஆகவே போனில் கூச்சப்பட நேரமே தருவதில்லை. "தண்ணியாப் போகுதா, கெட்டியாப் போகுதா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிடுவார்கள்.

ஆர்டர் போடுவதுதான் கலை. ஒரே துண்டாக வருவது ஒரு ரகம். பேஸ் பிளேட் தனி, பை தனி என்பது இன்னொரு ரகம். இந்த இரண்டாவதற்கு ஜாதகம் பார்த்தாக வேண்டும். பிளேட்டின் வளையமும் பையின் வளையமும் மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்தணும். அளவு பொருந்தினாலும் ஒரு கம்பெனிப் பெண்ணை இன்னொரு கம்பெனி மாப்பிள்ளைக்குக் கட்ட முடியாது. அவ்வளவு ஆசாரமான குடும்பங்கள்.

அடுத்தது கணக்கு. அடியில் திறந்து காலி செய்கிற பை என்றால் மாதம் 30. அடி மூடிய பை என்றால் 90. பட்டியலைப் பார்த்ததும் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவங்களுக்குத் தொண்ணூறு, நமக்கு மட்டும் ஏன் முப்பது?"

"மூடினதை நிரம்பினதும் தூக்கிப் போடணும். நம்மளதைக் காலி பண்ணிக் காலி பண்ணிப் போட்டுக்கலாம்."

"இருந்தாலும் கேட்டுப் பாருங்க."

கூடுதலாக வேண்டுமென்றால் ஸ்டோமா நர்ஸோ டாக்டரோ கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். மனைவியின் ஆசையைக் காரணமாக எழுத அதில் கட்டம் இல்லை. பதுக்கி வைப்பதிலும் லாபமில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் வீங்கியிருக்கும் சின்னவர் போகப் போகச் சுருங்குவார். பழைய அளவில் துளை வெட்டிய பிளேட்டையே ஒட்டினால் இடுக்கில் குடல் நீர் கசிந்து தோலைப் புண்ணாக்கிவிடும். சோற்றைச் செரிக்கிற நீருக்குத் தோல் எம்மாத்திரம்!

இந்த ஒட்டும் சமாச்சாரத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் தோலைக் காக்கப் பிடித்துக்கொண்டது கராயா பிசின், இந்தியக் காட்டு மரத்தில் வடிவது. இப்போது வேறு பசைகள் வந்துவிட்டன. இருந்தாலும் மனைவி இதைக் கேட்டதிலிருந்து பேஸ் பிளேட்டைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறாள்.

சென்னைப் பயணம் என்றால் நாளுக்கு ஆகிற பைகளைப் போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தனையும் கைப்பெட்டியில். 30 கிலோ பெரிய பெட்டி நம்மை விட்டுக் கோலாலம்பூரில் இறங்கிக்கொண்டாலும் போவது சாக்லேட்டும் மீன் எண்ணெய் மாத்திரையும்தான். கத்தரிக்கோலைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டுத் துளைகளை வீட்டிலேயே வெட்டிக்கொள்வது உத்தமம். பசை நீக்க ஸ்ப்ரே வேண்டாம், துடைக்கும் தாள் போதும். டாக்டர் கடிதம் சட்டைப் பையில். கைப்பெட்டியில் மிச்சமிருந்த இடத்தில் மக்கடேமியா பாக்கெட் இரண்டு சொருகப் பார்த்தாள் மனைவி, மறுத்துவிட்டேன். கொட்டைப் பருப்பு வகை சின்னவருக்கு ஆகாது, குடலை அடைத்துவிடலாம்.

சென்னையில் இன்னொரு எச்சரிக்கை: பைகளைக் கார் டிக்கியில் விடக்கூடாது. வெயிலில் பசை இளகிவிடும். ஆஸ்திரேலியாவில் நாடு முழுக்க இருக்கிற கழிப்பறைகளுக்கு அரசாங்கமே வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. அண்ணா சாலையில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. எதிர்ப்படுகிற நல்ல ஹோட்டலில் எல்லாம் ஒரு காபி குடிக்க வேண்டியதுதான்.

திருவொற்றியூர் அத்தை வீட்டில் பெட்டியைத் திறந்தேன். கம்பெனி மாதிரிக்கு அனுப்பிய, எனக்கு அளவு சேராத பை ஒன்று மேலே கிடந்தது. அத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பொட்டு என்னடா?"

"கரி பில்டர் அத்தை. காத்து வெளிய போயிடும், நாத்தம் உள்ளயே நின்னுடும்."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கருவாடு போட்டு வைக்க நாலு குடேன்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்குத்தான் அப்பவே கேட்டுப் பாருங்கன்னேன்."