கலர் பெரியப்பா

ஓய்வு பெற்றபின் சிலர் ஹோமியோபதி படிக்கிறார்கள். சிலர் கோயில் திருப்பணிக் கமிட்டியில் சேர்ந்து ரசீதுப் புத்தகத்தோடு அலைகிறார்கள். இரண்டிலும் சிக்காத ஒருவரிடம் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டு மகன் விமானம் ஏறினால், கலர் பெரியப்பா உருவாகிவிடுகிறார். இன்று இவர் இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குரூப் அபூர்வம்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இவர் கண் ஆட்களைப் பார்க்காது, சுவரின் மேல்பக்கம் போகும். அங்கே சந்தனப் பொட்டோடு சாய்ந்து தொங்கும் கொள்ளுத்தாத்தாவை நாற்காலி போட்டு ஏறி இறக்குவார். "கழட்டாதீங்க, பின்னாடி பல்லி முட்டை இருக்கும்" என்று வீட்டுக்காரர் கெஞ்சுவது காதில் ஏறாது. அங்கேயே செல்போனில் படம் பிடிப்பார். கண்ணாடியில் டியூப்லைட் விழும். நெற்றியில் டியூப்லைட்டோடு கொள்ளுத்தாத்தா லேப்டாப்புக்குக் குடிபோவார்.

ஆரம்பத்தில் பெரியப்பா கையாண்டது செல்போன் செயலி. ஒரு தட்டு தட்டினால் நிறம். ஏராளமான கலர்ப் படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், இந்த இடத்தில் இன்ன நிறம் இருக்கலாம் என்று ஊகித்துப் பூசுகிறது. வானம் நீலம், புல் பச்சை என்கிற மட்டும் ஊகம் பிசகுவதில்லை. சேலை என்று வந்துவிட்டால் திண்டாட்டம். ஒரு பழுப்பை அப்பிவிட்டு நழுவிவிடும். போதாக்குறைக்குக் கீறல் நீக்க ஒரு பொத்தான். அதைத் தொட்டதும், சிவபூஜை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத கொள்ளுத்தாத்தாவின் மூன்று பட்டை விபூதியும் கீறல் கணக்கில் போய்விட்டது. மடியிலிருந்த குழந்தையின் திருஷ்டிப் பொட்டு கறை என்று போனது. "பெரியவர் கடைசிக் காலத்துல மதம் மாறிட்டாரா?" என்று குரூப்பில் ஒருவர் அக்கறையாக விசாரித்தார். அன்றோடு செயலிக்கு முழுக்கு.

போட்டோஷாப் வெளிவந்தது 1990-ல். பெரியப்பா அதைத் தொட்டது பேரன் பள்ளிக்கூடம் போன பிறகு. ஆனாலும் யூடியூப் பார்த்தே கரைத்துக் குடித்துவிட்டார். சேலைக்கு ஒரு லேயர், ரவிக்கைக்கு ஒரு லேயர், மூக்குத்திக்குத் தனி லேயர். அடியில் இருக்கும் படத்தின் ஒளியும் நிழலும் மாறாமல் மேலே நிறம் மட்டும் படியும் முறையைக் கண்டுகொண்ட ராத்திரி, பெரியம்மாவை எழுப்பிக் காட்டினார். "விடிஞ்சா பால்காரனுக்குக் காசு குடுக்கணும், படுங்க" என்றாள் பெரியம்மா.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் பதிந்திருப்பது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே. ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்திருக்கும். எது எது என்று எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, சாட்சி வேண்டும். சாட்சிகள், அத்தைமார்கள். பெரியப்பா குரூப்பில் கேள்வி போட்டதும் மூத்த அத்தை "அரக்கு" என்பாள். இளைய அத்தை "மயில்கழுத்து" என்பாள். படம் எடுத்தபோது இருவரும் பிறக்கவே இல்லை என்பது இங்கே ஒரு பொருட்டல்ல. நடுவே புகுந்து ஒரு சித்தி, "எங்கம்மா சொல்லியிருக்கா, அது எம்.எஸ். புளூ" என்று அடித்துச் சொன்னாள். படம் 1928-ல் எடுத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கே அப்போது வயது 12. இதை எடுத்துச் சொன்ன மருமகன் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டான்.

கடைசித் தீர்ப்பு பெரியப்பாவுடையதுதான். அது எப்போதும் காஞ்சிபுரம் பட்டு. வாழ்நாள் முழுக்கச் சுங்குடி தவிர வேறு கட்டாத பாட்டிக்கும் ஒரு சாண் ஜரிகை ஏறிவிடும். கழுத்துக் கருகமணி தங்கமாகும். ஒற்றை வளையல் இரண்டாகும். பவுன் இன்று விற்கிற விலைக்கு, எங்கள் குடும்பம் ஒரு லேயரில் சேர்த்த சொத்து கொஞ்சநஞ்சமல்ல.

நகையைக்கூட மன்னித்துவிடலாம். மேனி நிறத்தில்தான் மனிதரின் சுயரூபம் தெரியும். அவருக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் இது: அந்தக் காலத்து ஸ்டூடியோத் தட்டுகள் பல, சிவப்பு ஒளியை வாங்காதவை. இருட்டறையில் சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு வேலை பார்க்க முடிந்ததும் அதனால்தான். எனவே குங்குமம் கறுப்பாக விழும். நம் தோலும் இருப்பதைவிட ஒரு படி கூடக் கறுக்கும். இவ்வளவும் உண்மை. "அப்போ என்ன அர்த்தம்? நம்ம தாத்தா ரோஜாப்பூ நிறம்!" என்று பெரியப்பா தாவும் தாவல்தான் விஞ்ஞானத்தில் இல்லை. வெயிலில் வயல் வரப்பில் நின்று உழைத்த மனுஷர், காஷ்மீரத்துப் பண்டிதராகி வந்து சேர்ந்தார். இவ்வளவு சிவப்பான பரம்பரையில் நாமெல்லாம் எப்படி இப்படிப் பிறந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் டி.பி.யாக வைத்துக்கொண்டார்கள்.

குறை சொன்னால் முன்னுதாரணம் காட்டுவார். 1960-ல் வந்த 'மொகலே ஆஸம்' படத்தை 2004-ல் முழுக்கக் கலராக்கி வெளியிட்டார்கள். 1957-ன் தெலுங்கு 'மாயாபஜார்' 2010-ல் கலரானது. "அவங்க செஞ்சா கலை, நான் செஞ்சா கோணலா?" நியாயமான கேள்விதான். தவிர, இந்த ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததும் அல்ல. அந்நாளைய ஸ்டூடியோவில் டச்சிங் ஆர்ட்டிஸ்ட் என்று ஒருவர் இருப்பார். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார். அச்சில் மெல்லிய தூரிகையால் கன்னத்துக்கு ரோஜா, நகைக்கு மஞ்சள் ஏற்றுவார். அவராவது நிறம் தெரியாவிட்டால் எதிரே உட்கார்ந்திருந்த ஆளிடமே கேட்டுக்கொள்ளலாம். பெரியப்பாவுக்கு அந்த வசதி ஒரே ஒரு படத்தில்தான் வாய்த்தது.

படத்தின் மணப்பெண் இன்னும் உயிரோடு இருக்கிறாள். பெரியப்பாவின் அத்தை, 90-ஐத் தாண்டியவள், காது மட்டும் கொஞ்சம் மந்தம். காசுமாலைக்கு மூன்று லேயர் போட்டு முடித்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார். "அத்தை, இந்தச் சேலை என்ன கலர்?"

பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "நல்லா ஞாபகம் இருக்குடா. ஆனா போடாதே."

"ஏன் அத்தை?"

"சேலையும் காசுமாலையும் கீழத்தெரு வக்கீல் வீட்டுது. இரவல். தாலிக்கயிறு மட்டும்தான் நம்மளுது. வக்கீல் பேத்தி இப்ப நம்ம வீட்டுக்குத்தானே வாக்கப்பட்டிருக்கா? நீ கலர்ல விட்டா கண்டுபிடிச்சிட மாட்டாளா?"

பெரியப்பா மூன்று லேயரையும் அழித்தார். சாயங்காலம் படம் இருந்தபடியே குரூப்பில் வந்தது, கீழே, "கறுப்பு வெள்ளைக்கு ஒரு கம்பீரம் உண்டு. அதைக் கெடுக்கக் கூடாது" என்று ஒரு வரி. கும்பிடு போடும் கைகள் வரிசையாக விழுந்தன. நடுவில் வக்கீல் பேத்தி எழுதியிருந்தாள்: "மாமா, அந்தக் காசுமாலையை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கி அனுப்ப முடியுமா?"