வெயில் ஊரில் மாத்திரை

கே: கோரிப்பாளையம் சிக்னலில் நின்றாலே மண்டை பிளக்கிறது. இங்கே போய் எனக்கு வைட்டமின் டி குறைவாம்! நம்பலாமா?

ப: வெயில் ஊர்மேல் விழுகிறது, உங்கள்மேல் விழவில்லையே! ஹெல்மெட், முகத்தைச் சுற்றிய துப்பட்டா, முழங்கை வரை கிளவுஸ்... போர்த்திக்கொண்டால் எப்படி? ஏசி காரிலும் பயனில்லை. வைட்டமினை உண்டாக்கும் புறஊதா-பி கதிர் கண்ணாடியைத் தாண்டாது. டெல்லி எய்ம்ஸின் ரவீந்தர் கோஸ்வாமி குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் காய்ந்த ராணுவ வீரர்கள் தேறினார்கள். மாட்டிக்கொண்டவர்கள் டாக்டர்களும் நர்ஸ்களும்! மனிதர் அத்தோடு விடவில்லை. பிற்பாடு, குறைபாடுள்ள இளம்பெண்களுக்கு மருந்து கொடுத்தும் பார்த்தார். ரத்தத்தில் அளவு ஏறியது. கைப்பிடி பலம் ஏறவில்லை. எதற்கும் மாத்திரை எழுதிய டாக்டரிடம், 'உங்க அளவு எவ்வளவு சார்?' என்று கேட்டுவையுங்கள்.