ஃபிரிட்ஜ் கதவில் ஓர் ஊழியர்

வெளிநாட்டு மிஷனெரி ஒருவருக்கு ஆகும் செலவில் உள்ளூர் ஊழியர் பலரைத் தாங்கலாம் என்று மேல்நாட்டுச் சபைகள் கணக்குப் போட்டு வெகுகாலம் ஆகிறது. கணக்கு சரிதான். விமான டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம், மினரல் வாட்டர் வேண்டாம். பழைய சைக்கிளும் ஒரு ஜோல்னாப் பையும் போதும்.

ஆனால் காணிக்கையோடு ஒரு படிவமும் வரும். குடும்பப் படம், சாட்சி, மாத அறிக்கை, எல்லாம் ஆங்கிலத்தில். பகலெல்லாம் கிராமம் சுற்றிய ஊழியர், ராத்திரி உட்கார்ந்து 'எத்தனை பேர் மனந்திரும்பினார்கள்?' என்ற கட்டத்தை நிரப்புவார். அவர் படமோ கடல் கடந்து யார் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலோ காந்தத்தில் தொங்கும். மிஷனெரி மாறிவிட்டார், எஜமான் மாறவில்லை.

நம் நாட்டாரே ஊழியத்துக்குப் போவதைப் புது யோசனை என்பவர்கள் திருநெல்வேலிப் பக்கம் வந்து பார்க்கலாம். 1903-லேயே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பிய ஊர் இது. போனவரும் அங்கே அயலார்தான். தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. சங்கத்தின் முன்னோடி வே. சா. அசரியா, 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டாரிடம் கேட்டது பணத்தை அல்ல, நட்பை.

நம் வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அந்த அரிசி யாரிடமும் அறிக்கை கேட்டதில்லை.